மோதிரத்தை வெட்டிய பத்தர் கேட்ட கேள்வி

பொது மருத்துவம் பார்க்கும் டாக்டர்களுக்கு,

சென்ற மாதம் எங்கள் பள்ளியில் ஆசிரியர்களுக்காக ஒரு மருத்துவ முகாம் நடந்தது. ஏழாம் வகுப்பு அறையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு வாசலிலேயே எடை மிஷினை வைத்திருந்தார்கள். ஏறி நிற்பவரின் எடையை ஒரு பெண் உரக்கப் படிக்க, இன்னொரு பெண் நோட்டில் எழுதிக்கொண்டார். வரிசையில் நின்ற எல்லோருக்கும் எல்லோருடைய எடையும் தெரிந்துபோனது. எங்கள் கணினி ஆசிரியைக்கு 26 வயது. "எழுபத்தெட்டு" என்று சத்தம் வந்ததும் பின்னால் யாரோ சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். உள்ளே போனவள் ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள். கையில் ஒரு துண்டுச் சீட்டு. 'பி.எம்.ஐ. 31. சோறு, இனிப்பு குறைக்கவும். தினமும் நடக்கவும்.'

முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவதையும், பீரியட்ஸ் மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது என்பதையும் சொல்ல வாயெடுத்திருக்கிறாள். "முதல்ல வெயிட்டைக் குறைம்மா, மத்ததெல்லாம் தானா சரியாகும்" என்று பதில் வந்திருக்கிறது. அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஏறக்குறைய இதே பதிலை 2016-ல் நானும் கேட்டேன். அதை நம்பி, தைராய்டு சுரப்பி மந்தமானது தெரியாமலேயே நான் கழித்த இரண்டு ஆண்டுகளை இன்னொரு பெண்ணும் கழிக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள். மயிலாடுதுறைப் பக்கம். அப்போது எனக்கு 34 வயது, எடை 57 கிலோ. பிள்ளை பெற்ற பிறகும் அந்த 57 பெரிதாக ஏறியதில்லை. 2016 மழைக்காலத்தில் ரவிக்கைக் கை பிடிக்க ஆரம்பித்தது. தையல்காரம்மா ஒரு பிரிப்பு பிரித்துக் கொடுத்தார். பொங்கலுக்குள் இன்னொரு பிரிப்பு. அடுத்த முறை, "இதுக்கு மேல விட துணி இல்லை டீச்சர்" என்றார். இருபது மாதத்தில் 72 கிலோ.

நான் முதலில் பார்த்த டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் கெட்டவர் இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் கைராசிக்காரர். மாலை ஆறு மணிக்கு டோக்கன் போட்டால் எட்டரைக்கு உள்ளே போகலாம். என் எண் 47. போய் உட்கார்ந்தவுடன், "என்னம்மா, நல்லா ஊதிட்டீங்க" என்றார். நான் சொல்ல வந்ததே அதுதான் என்பதால் சிரித்துக்கொண்டு, "அதான் டாக்டர், ஏன்னே தெரியலை" என்றேன். பிரஷர் பார்த்தார். சுகர் எழுதிக் கொடுத்தார், அது சரியாக இருந்தது. "வேளைக்கு எவ்வளவு சோறு சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்பவில்லை என்பது புருவத்தில் தெரிந்தது. "உட்கார்ந்து பார்க்கிற வேலை, முப்பது தாண்டியாச்சு, அப்படித்தான். சோத்தைக் குறைங்க, நடங்க" என்றார்.

உட்கார்ந்து பார்க்கிற வேலையா! ஒரு நாளைக்கு ஆறு பீரியட் நின்று கத்துகிறவளிடம்.

சரி, குறைத்தேன். இரவுச் சோற்றை நிறுத்தி இரண்டு சப்பாத்தி. காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும். கொள்ளு ரசம் வைத்து வைத்து வீட்டில் மற்றவர்களுக்கு அந்த வாசனையே பிடிக்காமல் போனது. விடியற்காலையில் மாயூரநாதர் கோயில் பிராகாரத்தைச் சுற்றினேன். முதல் மாதம் ஐந்து சுற்று. மூன்றாம் மாதம் மூன்று சுற்றுக்கே கால் ஈயமாகக் கனத்தது. எடை குறையாதது கூடப் பரவாயில்லை, நடக்க நடக்கச் சக்தி கூட வேண்டியது குறைந்துகொண்டே போனது. எதிரே வரும் அறுபது வயது மாமிகள் என்னை இரண்டு தடவை தாண்டிப் போவார்கள்.

அதே சமயத்தில் வேறு சிலவும் நடந்துகொண்டிருந்தன. அக்னி நட்சத்திர வெயிலில் ஊரே மொட்டை மாடியில் படுத்திருக்க, நான் உள்ளே ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடப்பேன். வகுப்பில் என் குரல் தடித்துப்போனது. "மிஸ், உங்களுக்குச் சளியா?" என்று பிள்ளைகள் வாரக்கணக்கில் கேட்டார்கள். சாக்பீஸ் தூசி என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். இரவில் உள்ளங்கை மரத்துப்போகும். விடைத்தாள் திருத்தும்போது சிவப்புப் பேனா கையிலிருந்து நழுவும். வெளிக்குப் போவது நான்கு நாளைக்கு ஒரு முறை. எதுகையும் மோனையும் வாயில் வராமல் கரும்பலகை முன்னால் நின்ற நாட்கள் உண்டு. பதினாறு ஆண்டாக நடத்திய பாடம் அது!

இவை எதையும் நான் அந்த டாக்டரிடம் சொல்லவில்லை. அது என் தப்பு என்று வெகு காலம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. குரல் கம்மியதற்கும் எடைக்கும், கை மரத்ததற்கும் மலச்சிக்கலுக்கும் தொடர்பு இருக்கிறது என்று தமிழ் டீச்சருக்கு எப்படித் தெரியும்? எது எதோடு சேரும் என்பதைப் படித்தவர்கள் நீங்கள்தான். கேட்க வேண்டியதும் நீங்கள்தான். நாங்கள் எடையைத்தான் சொல்வோம், ஏனென்றால் ஊரே எங்களிடம் அதைத்தான் சொல்கிறது.

பிறகு பார்த்தவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கு பத்து நாள் நிற்காமல் போனபோது ஒரு மகப்பேறு டாக்டரிடம் போனேன். ரத்தம் 8 பாயிண்ட்தான் இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். கூடவே, எடையைக் குறைத்தால் இது சரியாகும் என்றார். இன்னொருவர் கொழுப்பு பார்த்தார், 268. உடனே கொழுப்பு மாத்திரை எழுதினார். அதைச் சாப்பிட ஆரம்பித்து மூன்று வாரத்தில் கெண்டைக்கால் இரண்டும் அடித்துப் போட்டதுபோல் வலித்தது. நான்காவது ஒருவரிடம் போனபோது ஏதோ கேட்க, அழுதுவிட்டேன். மனச்சோர்வு என்று எழுதி, தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். எனக்குத் தூக்கம் வராமல் இல்லை! பதினோரு மணி நேரம் தூங்கிவிட்டுக் களைப்போடு எழுந்துகொண்டிருந்தேன்.

நான்கு டாக்டர்கள், நான்கு சீட்டுகள். ரத்தசோகைக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் பொதுவாக ஒரு வரி: எடையைக் குறைக்கவும். நான்கையும் ஒரு மேசையில் பரப்பி வைத்து ஒருவர் பார்த்திருந்தால் போதும். யாரும் முந்தைய சீட்டைக் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை. இன்னொரு டாக்டரிடம் போனது தெரிந்தால் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம்.

இனி அந்த மோதிரம்.

2018 ஆவணியில் ஒரு நாள் காலை, கல்யாண மோதிரம் போட்டிருந்த விரல் ஊதா நிறமாகியிருந்தது. சோப்பு, தேங்காய் எண்ணெய் எதற்கும் மோதிரம் அசையவில்லை. கடைத்தெருவில் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த, நகை செய்யும் பத்தர் ஒருவர் இருக்கிறார். எழுபது வயது, கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கும். முதலில் நூலை விரல் முழுக்க இறுக்கிச் சுற்றி, மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, அவிழ்த்துக்கொண்டே வந்து கழற்றப் பார்த்தார். வலியில் கத்திவிட்டேன். அப்புறம் சின்னக் கட்டரை எடுத்து, அடியில் ஒரு தகட்டைச் செருகி, மெதுவாக அறுத்தார். பிளந்து எடுத்ததும் விரலில் ஒரு வெள்ளைப் பள்ளம். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். புறங்கையைத் தன் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி விழவில்லை.

"இது சதை போட்ட விரல் இல்லைம்மா, உப்பின விரல்" என்றார். "நாப்பது வருஷமா விரல் பார்க்கிறேன். குரல் எப்பவும் இப்படியா உனக்கு? குளிர் தாங்காதா?"

தலையாட்டினேன்.

"எங்க வீட்டம்மாவுக்கு இப்படித்தான் இருந்தது. தைராய்டு பார்த்துட்டு வா."

டாக்டர்களே, நான்கு பேரிடம் போய் நான் சொல்லாத இரண்டு விஷயங்களை ஐந்தாவதாக ஒரு பத்தர் கேட்டார். அவர் மருத்துவம் படித்தவர் இல்லை. கையைப் பிடித்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

அன்று மாலையே லேபுக்குப் போனேன். "டாக்டர் சீட்டு இருக்கா?" என்று பையன் கேட்டான். இல்லை என்றேன். 300 ரூபாய் வாங்கிக்கொண்டு ரத்தம் எடுத்தான். மறுநாள் ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். (தைராய்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) 86 என்று இருந்தது. பக்கத்தில், 0.4 முதல் 4.2 வரை இருக்கலாம் என்று அச்சிட்டிருந்தது. நான் தசமப் புள்ளி விட்டுப்போய்விட்டதோ என்று நினைத்தேன்.

ரிப்போர்ட்டோடு பக்கத்து ஊர்ப் பெரிய டாக்டரிடம் போனேன். அவர் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவற்றில் எதற்கும் காசு ஆகாது. நாடியைப் பிடித்து எண்ணினார், 54. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, விழுங்கும்போது கழுத்தைப் பார்த்தார், பின்னால் நின்று விரல்களால் தடவினார். நாற்காலியில் என்னை முட்டிபோட வைத்துக் குதிகாலுக்கு மேல் சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று துள்ளியது. ஆனால் திரும்பி வரும்போது, கடைசி பெஞ்சுப் பையன் கரும்பலகைக்கு வருவதுபோல் ஆற அமர வந்தது. "பாருங்க, இதான்" என்று என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு ஆண்டாக நான் சோம்பேறி இல்லை என்று வீட்டில் வாதாடிக்கொண்டிருந்தேன். என் பாதம் ஒரே தட்டில் அதை நிரூபித்துவிட்டது.

அவர் விளக்கியதை நான் என் பாணியில் புரிந்துகொண்டேன். கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி வேலையைக் குறைத்தால், மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி அதட்டுகிறது. தூங்கும் மாணவனை எழுப்ப ஆசிரியர் குரலை உயர்த்துவதுபோல. அந்த அதட்டல்தான் டி.எஸ்.எச். பையன் எழுந்திருக்கவில்லை என்றால் சத்தம் ஏறிக்கொண்டே போகும். என் உடம்புக்குள் ஒருவர் இரண்டு ஆண்டாகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார், வெளியே யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பணுக்கள் ஏகத்துக்கு இருந்தன. உடம்பின் காவலே தன் சுரப்பியைத் தாக்கும் நோய். ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர் 1912-லேயே எழுதிவைத்தது. (அயோடின் உப்புதான் காரணம் என்று எதிர்வீட்டு அம்மா எனக்குக் கல் உப்பு வாங்கிக் கொடுத்த கதை தனி.)

தேடிப்போனால் அதற்கும் முன்னால் ஒரு செய்தி இருக்கிறது. 1891-ல் ஜார்ஜ் முர்ரே என்ற ஆங்கிலேய டாக்டர், ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண்ணுக்கு ஊசியாகப் போட்டுத் தேற்றியிருக்கிறார். அந்தப் பெண் அதன்பின் 28 ஆண்டு வாழ்ந்தார். நூறாண்டுக்கு மேலாகச் சரிசெய்யத் தெரிந்த நோய் இது. இன்று ஆட்டைத் தேட வேண்டாம், ஏறக்குறைய இரண்டு ரூபாய் மாத்திரை போதும்.

அரிய நோயாக இருந்தால் நான் இவ்வளவு பேசமாட்டேன். சென்னை உட்பட 8 நகரங்களில் 5,360 பேரைச் சோதித்து 2013-ல் வெளியான ஆய்வில், 100-க்கு கிட்டத்தட்ட 11 பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. பெண்களில் 100-க்கு ஏறக்குறைய 16. சோதித்தவர்களில் 100-க்கு மூன்றரைப் பேர், தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் நடமாடிக்கொண்டிருந்தார்கள். உங்கள் ஓ.பி.யில் ஒரு மாலைக்கு நூறு டோக்கன் என்றால், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். நான் 47-வது டோக்கன்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மாத்திரை ஆரம்பித்து ஒரு வருடத்தில் எனக்குக் குறைந்தது ஆறு கிலோ. ஏறியது பதினைந்து. தைராய்டால் மட்டும் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும் என்று அந்த டாக்டரே சொன்னார். மீதி ஒன்பதில் என் பங்கும் உண்டு. நடக்க முடியாமல் கிடந்த மாதங்களுக்கும், அலுத்துப்போய் எதையாவது கொறித்ததற்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே 'சோற்றைக் குறை, நட' என்று நீங்கள் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் விசாரணையை முடித்ததுதான் தப்பு. எடை கூடுவது நாங்கள் கொண்டுவரும் புகார். அதையே காரணமாக்கி எங்கள் கையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். காய்ச்சல் என்று வருகிறவரிடம் 'சூட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி அனுப்புவீர்களா?

நேரமில்லை என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்க எனக்கும் நேரமில்லை. ஆனால் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் திடீரென்று எல்லாப் பாடத்திலும் சரிந்தால், "ஒழுங்காகப் படி" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் நான் ஆசிரியை இல்லை. வீட்டில் என்ன என்று கேட்க இரண்டு நிமிடம் எப்படியோ கிடைக்கிறது.

நீங்கள் கேட்காத இடத்தில் வேறொருவர் வந்து கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். '30 நாளில் தைராய்டு குணம்' என்று பொடி விற்பவர் என்னிடம் முக்கால் மணி நேரம் போனில் பேசினார். குளிர்கிறதா, முடி கொட்டுகிறதா, குரல் கம்முகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எல்லாம் அவரிடம் மனப்பாடமாக இருந்தன. பொடி 1,800 ரூபாய். வாங்கினேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. என்னிடம் அவ்வளவு பொறுமையாகக் கேட்டவர் அவர் என்பதால் வாங்கினேன்.

மாத்திரை விஷயத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. முதல் சீட்டில் 'காலையில் 1' என்று மட்டும் இருந்தது. எங்கள் வீட்டில் காலை என்றால் காபி. ஒரு வாய் டிகாஷன் காபியோடு மாத்திரையைப் போட்டு, ஞாபகமாக இருக்கட்டும் என்று கூடவே இரும்புச்சத்து மாத்திரையையும் விழுங்கினேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் டி.எஸ்.எச். 61. அளவைக் கூட்டினார்கள். காபியும் இரும்பும் இந்த மாத்திரையை உடம்பில் ஏறவிடாது என்று எனக்குச் சொன்னவர் மருந்துக் கடையில் நின்ற பெண். அன்றிலிருந்து எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காபி, இரும்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அடுத்த இரண்டு மாதத்தில் டி.எஸ்.எச். 5-க்கு இறங்கிவிட்டது. மாதவிலக்கு ஐந்து நாளாகியது. கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், கொழுப்பு தானாகவே 200-க்குக் கீழே வந்தது. தைராய்டு குறைந்திருக்கும்போது கொழுப்பு ஏறுவதும், அந்த நிலையில் கொழுப்பு மாத்திரை போட்டால் தசை வலி வர வாய்ப்பு கூடுவதும் உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ளதுதானே? பின் ஏன் எனக்கு நடந்தது?

கணினி ஆசிரியையின் கதைக்கு வருகிறேன். முகாம் முடிந்த மறுநாள் நானே அவளை லேபுக்கு அழைத்துப்போனேன். எனக்கு நடந்ததுதான் அவளுக்கும் என்று மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். ரிசல்ட் வந்தது: டி.எஸ்.எச். 2.1. தைராய்டு சுத்தமாக இருக்கிறது. கொஞ்சம் அசடு வழிந்தது. ஆனால் ஒரு கேள்வி முடிந்துபோனது, அடுத்த கேள்விக்குப் போகலாம். ஒரு மகப்பேறு டாக்டர் அவளை உட்காரவைத்து விசாரித்தார், ஸ்கேன் எடுத்தார், ஹார்மோன் பார்த்தார். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை என்று தெரிந்தது. வைத்தியம் தொடங்கியிருக்கிறது. நடக்கவும்தான் சொன்னார். ஆனால் ஏன் என்று சொன்னார், அதனால் அவள் நடக்கிறாள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குண்டாக இருக்கும் எல்லோருக்கும் தைராய்டு என்று நான் வாதாட வரவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் ரத்தம் எடுங்கள் என்றும் கேட்கவில்லை. லேபுகள் விற்கும் 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜை என் பெயரைச் சொல்லி யாரும் எழுதிவிடாதீர்கள். எனக்கு வேண்டியது கேள்விதான். கேட்ட பிறகு, தேவைப்பட்டால் பரிசோதனை.

ஆகவே என் கோரிக்கைகள்.

காரணம் தெரியாமல் எடை கூடுகிறது என்று ஒரு பெண் சொன்னால், 'குறையுங்கள்' என்று எழுதும் முன் இவற்றைக் கேளுங்கள்: குளிர் தாங்கவில்லையா, வெளிக்குப் போவது எப்படி, மாதவிலக்கு மாறியிருக்கிறதா, குரல் மாறியிருக்கிறதா, முடியும் தோலும் எப்படி, அம்மாவுக்கோ அக்காவுக்கோ தைராய்டு உண்டா. இதே கேள்விகள் ஆண்களுக்கும், மாதவிலக்கை விட்டுவிட்டு. கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், நாடியை எண்ணுங்கள். முந்தைய சீட்டுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள், கொண்டுவந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பதில்கள் சந்தேகத்தைக் கிளப்பினால் முதலில் டி.எஸ்.எச். மட்டும் எழுதுங்கள், மற்றவை அப்புறம். கொழுப்பு மாத்திரையை முதன்முறை எழுதும் முன்னும், காரணம் தெரியாத ரத்தசோகைக்கும் விடாத சோர்வுக்கும் மாத்திரை எழுதும் முன்னும் ஒரு முறை டி.எஸ்.எச். பார்த்துவிடுங்கள்.

தைராய்டு மாத்திரை எழுதினால், சீட்டில் தமிழில் நான்கு வரி சேர்த்து எழுதுங்கள், அல்லது ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு. காபி, டிபன் ஒரு மணி நேரம் கழித்து. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணாக இருந்தால், கர்ப்பம் என்று தெரிந்த அன்றே வரச் சொல்லுங்கள், அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

உங்களில் அரசுப் பணியில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகருக்கும் பிரஷருக்கும் வீட்டு வாசலுக்கே வந்து பார்க்கிறார்கள். என் மாமியாருக்கு அது பெரிய உதவி. அந்தத் தன்னார்வலர்கள் கையில் மேலே சொன்ன கேள்விகளையும் ஒரு அட்டையில் கொடுக்க வழிசெய்யுங்கள். இரண்டு மூன்றுக்கு 'ஆமாம்' வந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டு. டாக்டரிடம் போவதற்கே யோசிக்கும் பெண்களை அவர்கள்தான் வீட்டில் பார்க்கிறார்கள்.

முகாம் நடத்துகிறவர்கள் எடையை உரக்கப் படிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். எழுதுகிறவரே குனிந்து பார்த்து எழுதலாம், ஒன்றும் கெட்டுவிடாது.

அடுத்த முகாமைத் தைக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். எடை மிஷினை இந்த முறை அறைக்கு உள்ளே, திரைக்குப் பின்னால் வைக்கிறோம். டாக்டர் மேசைக்குப் பக்கத்தில் நோயாளிக்கு என்று ஒரு நாற்காலியும் போடுகிறோம், போன தடவை அது இல்லை. வருகிறவர் எங்களை அதில் உட்காரச் சொல்லிவிட்டுப் பேச்சை ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை